வலிக்காத கட்டியை அலட்சியம் செய்யலாமா?

கழுத்தில் ஒரு கட்டி; வலி இல்லை. "நெறி கட்டியிருக்கிறது, தானாக வடிந்துவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். பல்வலி, தொண்டைப்புண் போன்றவற்றால் கட்டும் நெறி சில நாள்களில் வடிந்துவிடும். வடியாமல் வளர்ந்துகொண்டே போனால்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

லிம்போமா என்பது என்ன?

உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அவற்றின் காவல் நிலையங்கள். கிருமிகளை எதிர்க்கும் லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்கள் அங்கே இருக்கின்றன. காவல் காக்க வேண்டிய இந்த அணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் லிம்போமா. இது எலும்பு மஜ்ஜைக்கும் இரத்தத்திற்கும் பரவக்கூடும்.

வேகமே ஆபத்து, வேகமே வாய்ப்பு

சில வகை லிம்போமா ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். சில, வாரக்கணக்கில் பெருகிவிடும். உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், பிள்ளைகளின் தாடையில் வரும் கட்டிகளைப் பற்றி 1958-இல் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் பர்கிட் லிம்போமா ஓரிரு நாள்களிலேயே இரட்டிப்பாகக்கூடியது.

ஆனால் கீமோதெரப்பி மருந்துகள் பெருகும் அணுக்களையே அதிகம் தாக்குகின்றன. அதனால் வேகமாக வளரும் கட்டி, மருந்துக்கு வேகமாகக் கரையவும் செய்கிறது. காலத்தோடு சிகிச்சை பெற்றவர்களில் பலர் முற்றிலும் குணமடைகின்றனர்.

அம்மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. அதற்காக வாசலில் பூக்கும் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது, அது நஞ்சு.

காலம் எப்படி வீணாகிறது?

காசநோயிலும் நெறி கட்டும், காய்ச்சல் வரும், உடல் இளைக்கும். ஆகவே சதைப் பரிசோதனை செய்யாமல், காசநோய் என்றே எண்ணி மாதங்களைக் கழிப்பவர்கள் உண்டு. முகவரியில்லாத மாத்திரைகளை வாங்கி விழுங்குவோரும் உண்டு. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கும். பரிசோதனையில் நோய் மறைந்தும் போகலாம். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற அச்சமும் வேண்டாம். சதைப் பரிசோதனை இல்லாமல் எந்த வகை லிம்போமா என்று உறுதிசெய்ய முடியாது. வகை தெரியாமல் சிகிச்சையும் இல்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* இரண்டு மூன்று வாரங்களாகியும் கட்டி வடியாமல் இருந்தால்
* காரணம் தெரியாத காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால்
* இரவில் படுக்கை நனையும்படி வியர்த்தால்
* ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்

மூச்சுத் திணறினாலோ, முகமும் கழுத்தும் வீங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பினாங்கில் யாரை நாடுவது?

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குச் செல்லலாம். அங்கிருந்து ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். தஞ்சோங் பூங்காவில் மவுண்ட் மிரியாம் புற்றுநோய் மருத்துவமனை 1976 முதல் இயங்கி வருகிறது.

சிகிச்சை தொடங்கிய பின்னும் கவனம் தேவை. கீமோதெரப்பியால் எதிர்ப்புச் சக்தி குறையும். அப்போது 38 டிகிரி காய்ச்சல் கண்டால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது என்று பாதியில் நிறுத்தினால், அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கும். கொட்டிய முடி முளைத்துவிடும். தவறவிட்ட வாரங்கள் திரும்ப வராது.