தயிர்த் துளிக்கு நீலச் சாயம்

ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியை ஆசையாக வாங்கி, பாக்டீரியாவைத் தேடி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கிருமி லென்ஸுக்கு அடியில்தான் இருக்கும், கண்ணுக்குத்தான் அகப்படாது. அதன் உடலில் பெரும்பகுதி நீர், நிறமும் கிடையாது. ஒளி தடையில்லாமல் ஊடுருவிப் போய்விடும். சாயம் ஏற்றினால் அது எளிதில் பிடிபடும்.

அந்தச் சாயம் துணித் தொழில் தந்த கொடை. ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலை வேதியியலாளர் ஹைன்ரிஷ் காரோ 1876இல் மெத்திலீன் புளூவை உருவாக்கினார். ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியபோது கைகொடுத்தது இந்த நீலம்தான். இன்று வண்ணமீன் கடைகளில், மீன்களுக்கு வரும் பூஞ்சை நோய்க்கு மருந்தாக அது சிறு புட்டிகளில் கிடைக்கிறது.

முதல் மாதிரிக்கு வீட்டுத் தயிரைவிட நல்லது எதுவும் இல்லை. தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் ஒரு சிறு சொட்டை ஸ்லைடில் வைத்து, அதே அளவு சுத்தமான தண்ணீர் விட்டு, மெல்லியதாக இழுத்துப் பூசுங்கள். காரியம் கெடுவதும் கூடுவதும் இந்த இடத்தில்தான். பூச்சு தடித்தால் பாலின் புரதமும் சாயத்தைக் குடித்துக்கொள்ளும். எங்கும் நீலத் திட்டுதான் தெரியும். பூச்சு தானாகக் காய்ந்ததும் ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகப் படிக்க வந்தால் பதம் சரி.

பிறகு பூசிய பக்கம் மேலே இருக்கும்படி, ஸ்லைடை இடுக்கியால் பிடித்து, தீச்சுடருக்கு மேலே சட்டென மூன்று தடவை கொண்டுபோக வேண்டும். கிருமிகள் செத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். புறங்கையில் தொட்டால் சூடு பொறுக்கும்படி இருக்கட்டும். அதற்கு மேல் சுட்டால் உருவமே சிதைந்துவிடும். ஆறியதும் இரண்டு சொட்டு மெத்திலீன் புளூ. ஒரு நிமிடம் விட்டு, ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்றியெடுக்க வேண்டும். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம், சாயத்தில் நேர்மின்னூட்டம். அதனால்தான் கழுவிய பின்னும் நிறம் விடுவதில்லை.

400 மடங்கிலேயே நீலப் புள்ளிகளும் கீற்றுகளும் தெரியத் தொடங்கும். ஆயிரம் மடங்கு காட்டும் 100 எக்ஸ் லென்ஸுக்கு எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்த்தால் கோளங்கள் இரட்டையாகவும் சங்கிலியாகவும் கோத்து நிற்கும், நடுவே கோல்களும் கிடக்கும். கோளம் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். வரிசையாக ஆயிரம் வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர்.

அடுத்தது உங்கள் பல்லிடுக்கு அழுக்கு. 1683இல் டச்சு நகரமான டெல்ஃப்டில் லேவன்ஹுக், தானே தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸில், சாயமே இல்லாமல் அதைப் பார்த்து எழுதிவைத்தார். நினைக்க நினைக்க வியப்புதான்! தயிரைவிடக் கூட்டம் இங்கே அதிகம்: நூல்போல நீண்டவை, வளைந்தவை, கொத்துக் கொத்தானவை.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கிருமியென்று தெரியாமல் வீட்டில் வளர்த்துப் பெருக்குவது ஆபத்து. சுடர் எரியும் இடத்தில் ஸ்பிரிட் புட்டி திறந்திருக்கக் கூடாது. சிறுவர்கள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பல பள்ளிகளில் நுண்ணோக்கி என்றால் வெங்காயத் தோலோடு பாடம் முடிந்துவிடுகிறது. தயிர் பரிசோதனைக்கு ஒரு பாடவேளை போதும், செலவும் சொற்பம். அறிவியல் ஆசிரியர்கள் இந்த ஆண்டே இதைச் செய்துகாட்ட வேண்டும்.