படச்சுருளின் ஆயுள் – 11: காத்திருப்பவர்களின் காசு

ஒவ்வொரு மாதமும் நடுவாக்கில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிடும். இன்னும் மூன்று மாதத்தில் எந்தெந்தப் பழைய படங்கள் ப்ளூ-ரேயாகவும் 4கே டிஸ்க்காகவும் வரப்போகின்றன என்பதற்கான அறிவிப்பு அது. சேகரிப்பாளர்கள் படத்தின் பெயரைப் பார்த்த கையோடு அதன் கீழே இருக்கும் சின்ன எழுத்துக்குப் போய்விடுவார்கள். புதிய ஸ்கேனா, பழைய மாஸ்டரையே திரும்ப அச்சடிக்கிறார்களா? ஸ்கேன் எடுத்தது ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்தா, அதற்கு இரண்டு தலைமுறை தள்ளிப்போன டூப் நெகட்டிவிலிருந்தா? வண்ணத்துக்கு ஒப்புதல் தந்தது ஒளிப்பதிவாளரா, வேறு யாரோவா? வெளியே நின்று பார்க்கிறவருக்கு இது வேலையற்றவர் வேலை. வீட்டில் டிவிடி இருக்கிறது, போனைத் தட்டினால் படமும் ஓடுகிறது, அப்புறம் எதற்கு முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பது? நைட்ரேட் ஃபிலிம் டப்பாவுக்குள்ளேயே எப்படி அழுகிப்போகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அழுகியதில் மிஞ்சியதை யார் காசில் காப்பாற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் கிடைக்கிறது. தியேட்டர் ரசிகர் நட்சத்திரத்துக்காக டிக்கெட் எடுக்கிறார். ஓடிடி சந்தாதாரர் எத்தனை படம் இருக்கிறது என்று பார்த்துச் சந்தா கட்டுகிறார். பிம்பத்தின் தரத்துக்கென்றே தனியாகக் காசை எடுத்து வைப்பவர் டிஸ்க் வாங்குகிறவர் மட்டும்தான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. கிரைட்டீரியன் 1984-ல் லேசர் டிஸ்க்கில் தொடங்கிய கம்பெனி. தொலைக்காட்சிகள் அகலத்திரைப் படங்களின் இரண்டு ஓரங்களையும் நறுக்கிவிட்டுக் காட்டிய காலம் அது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு, படத்தின் முழு அகலத்தையும் காட்டிய டிஸ்க்குகளை அதிக விலை கொடுத்து வாங்க ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம் இல்லாமல் போயிருந்தால், முழு அகலம் என்று ஒன்று இருந்ததே பலருக்கும் மறந்திருக்கும்.

சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தபோது, அவருடைய படங்களின் பிரின்ட்கள் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கின்றன என்பது தெரியவந்தது. அவற்றைப் பாதுகாக்கும் முயற்சியில் ஒரிஜினல் நெகட்டிவ்கள் லண்டனில் ஹெண்டர்சன் லேபுக்குப் போயிருந்தன. 1993-ல் அங்கே நைட்ரேட் ஃபிலிமில் தீப்பற்றியது. கருகியது போக மிஞ்சியதை ஆஸ்கர் அகாடமி அள்ளி எடுத்துத் தன் காப்பகத்தில் வைத்தது. அவற்றைத் தொட்டுப் பிரின்ட் போடக்கூடிய லேப் அன்று எங்கும் இல்லை. இருபது ஆண்டுகள் அவை அப்படியே கிடந்தன. 2013-ல் கிரைட்டீரியன் அந்தப் படங்களை வெளியிட முனைந்தபோதுதான் டப்பாக்கள் திறக்கப்பட்டு, இத்தாலியின் பொலோஞா நகரத்தில் இருக்கும் லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேபுக்குப் போயின. உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த ஃபிலிமுக்கு முதலில் ஈரப்பதம் ஏற்றி வளையவைத்தார்கள். உருகி ஒட்டிக்கிடந்த டேப்பையும் பசையையும் கையாலேயே சுரண்டி எடுத்தார்கள். ஃபிலிம் ஓரத்தில் சிதைந்துபோன துளைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உருவாக்கினார்கள். அந்தத் துளை சரியில்லாவிட்டால் ஃபிலிம் எந்த இயந்திரத்திலும் நகராது. கைவேலை மட்டுமே ஆயிரம் மணி நேரத்தை ஒட்டி ஆனது. கடைசியில் ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜித்தோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் ஒரிஜினல் நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மீதியையும் ‘அபுர் சன்சா’ரையும் வேறு பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015 மே மாதம் நியூயார்க்கில் திரையிட்டு, நவம்பரில் டிஸ்க் போட்டார்கள். ஃபிலிம் 1993-லிருந்தே இருந்தது. வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு ஒரு கம்பெனி வந்த பிறகே அதற்கு விடிவு வந்தது.

காப்பகங்களும் அறக்கட்டளைகளும் எப்படியும் இந்த வேலையைச் செய்யத்தானே போகின்றன, டிஸ்க் வாங்குபவருக்கு இதில் என்ன பங்கு என்று ஒருவர் கேட்கலாம். பாதி நியாயம். உதய் சங்கரின் ‘கல்பனா’வைப் பாருங்கள். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் கே.ராம்நாத் ஒளிப்பதிவில் உருவாகி 1948-ல் வந்த படம். பத்மினி திரையில் முதலில் ஆடியது இதில்தான். புனே திரைப்படக் காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவை வைத்து, மார்ட்டின் ஸ்கார்செஸியின் அறக்கட்டளை 2012-ல் இதை மீட்டெடுத்துக் கான் விழாவில் காட்டியது. அதில் டிஸ்க் வியாபாரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கிரைட்டீரியன் தொகுப்பில் ‘கல்பனா’ வந்தது 2022-ல். நடுவில் இருந்த பத்து ஆண்டும் மீட்டெடுத்த அந்தப் பிரதியைப் பார்க்க முடிந்தது பெரும்பாலும் திரைப்பட விழாக்களுக்குப் போகிறவர்களால்தான். மற்றவர்கள் கையில் இருந்தது பழைய மங்கல் பிரதி. படத்தைக் காப்பாற்றுவது ஒரு வேலை, அதை வெளியே கொண்டுவருவது இன்னொரு வேலை. அறக்கட்டளைகள் முதல் வேலையோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

ஓடிடி இருக்கிறதே என்பது இதைவிடப் பெரிய ஆட்சேபம். ‘தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) இதற்கு நல்ல பதில். 2009-ல் அதன் ப்ளூ-ரே வந்தபோது இயக்குநர் ஃபிரைட்கின் தன் மனம்போன போக்கில் வண்ணத்தை மாற்றிவிட்டிருந்தார். நியூயார்க்கின் அழுக்குக் குளிர்காலம் வெளிறிப்போய்க் கிடந்தது. படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் பகிரங்கமாகவே கொதித்தார், சேகரிப்பாளர்களும் விடவில்லை. 2012-ல் ஃபிரைட்கினும் ராய்ஸ்மனும் சேர்ந்து வண்ணத்தைத் திருத்திய புது டிஸ்க் வந்தது. இனி 2023-க்கு வருவோம். உரிமை இப்போது டிஸ்னியிடம். கிரைட்டீரியனின் சொந்த ஓடிடி உட்படச் சில இடங்களில் படத்தில் நிறவெறி வசைச்சொல் வரும் சில வினாடிகள் காணாமல் போயிருந்தன. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. வெட்டிய இடத்தில் காட்சி துள்ளியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்தச் சொல் போனதில் தப்பில்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் என்ன போனது என்பதை ஒப்பிட்டுச் சொல்வதற்கே அலமாரியில் ஒரு பழைய டிஸ்க் வேண்டியிருந்தது. 2009-ல் நடந்த தப்பும் டிஸ்க்கில் பதிவாகியிருந்ததால்தான் அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது. சர்வரில் இருக்கும் படத்தில் நேற்றைய பிரதி என்று ஒன்று பார்வையாளர் கையில் இருப்பதில்லை.

கம்பெனிகள் இந்த ஆர்வத்தை வைத்துச் சம்பாதிக்கின்றன என்பதும் உண்மை. ஒரே படத்தை லேசர் டிஸ்க்கில், டிவிடியில், ப்ளூ-ரேயில், 4கேயில் என்று நாலு தடவை விற்கிறார்கள். ‘பிரெஞ்ச் கனெக்‌ஷன்’ ரசிகர் அவர்கள் செய்த தப்புக்கும் காசு கொடுத்தார், திருத்தத்துக்கும் காசு கொடுத்தார். காத்திருந்ததற்குப் பலன் கிடைக்கும் என்கிற உத்தரவாதமும் இல்லை. ஜேம்ஸ் கேமரனின் ‘தி அபிஸ்’ 2000-ல் டிவிடியாக வந்ததோடு சரி, ப்ளூ-ரே நீண்ட காலம் வரவே இல்லை. 2024-ல் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ படங்களோடு சேர்ந்து 4கேயில் வந்தபோது, செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு ஃபிலிமின் கிரெயினை, அதாவது பிம்பத்தில் தெரியும் நுண்துகள்களை, வழித்தெடுத்திருந்தார்கள். ‘ட்ரூ லைஸ்’ஸில் அர்னால்டின் முகம் மெழுகுபொம்மை முகம்போல் வழவழவென்று இருக்கிறது. கிரெயினை நோண்டிக்கொண்டிருப்பவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேரைப் பார்க்கட்டும் என்கிற தோரணையில் கேமரன் நக்கலடித்தார். அவருடைய படம், அவருடைய விருப்பம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கிரெயின் என்பது ஃபிலிமின் மேல் படிந்த தூசி இல்லை, பிம்பமே அதனால்தான் ஆகியிருக்கிறது. அதை வழித்தால் தோலின் சுருக்கமும் துணியின் இழையும் கூடவே போய்விடும். முன்பணம் கட்டியவர்களுக்கு அது கண்ணில் பட்டது, கேள்வி கேட்டார்கள். மாதச் சந்தாவில் வரும் ஆயிரம் படங்களில் ஒன்றாக அது வந்திருந்தால் இந்தச் சண்டை இவ்வளவு தூரம் போயிருக்காது.

இந்த வாதத்தில் எனக்கே உறுத்தும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சந்தை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. ப்ளூ-ரே கம்பெனிகள் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்ததில் இந்தியா ‘சி’-யில் வருகிறது, அமெரிக்கா ‘ஏ’-யில். சென்னையில் எடுத்த ‘கல்பனா’வின் அமெரிக்க டிஸ்க்கைச் சென்னைக் கடையில் வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் ஓடாது. நமக்கென்று ஒரு டிஸ்க் சந்தை இருந்தபோதும் போட்டி விலையில்தான் நடந்தது. ஒரே டிவிடியில் மூன்று படம் என்று விற்றார்கள், நாமும் மூன்று படம் என்பதற்காகவே வாங்கினோம். பிரின்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, விற்றவரும் அதற்காகச் செலவழிக்கவில்லை. மீட்டெடுப்பைத் தியேட்டர் மூலமாகவே செய்யலாமே என்பதற்கு ‘கர்ணன்’ இருக்கிறது. 1964-ல் வந்த படத்தை டிஜிட்டலில் சீரமைத்து 2012-ல் திரையிட்டார்கள், கூட்டம் வந்தது, அடுத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-ல் வந்தது. சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் வந்த கூட்டம் அது. நட்சத்திரம் இல்லாத படத்துக்கு அந்த வழி திறக்காது. ‘அபராஜித்தோ’ போன்ற ஒரு படத்தின் கருகிய நெகட்டிவ் தமிழில் இருந்தால் அதற்கு ஆயிரம் மணி நேரம் செலவிடத் துணிகிற வியாபாரி, மூன்று படங்களை ஒரே தட்டில் திணித்த இந்தச் சந்தையிலிருந்து கிளம்பி வர வாய்ப்பில்லை.