ரத்தக்குழாய் வழியே சாப்பாடு

"குளுக்கோஸ் ஏத்தியிருக்காங்க" என்றால் வீட்டாருக்குப் பாதி நிம்மதி. ஆனால் 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒன்றிரண்டு இட்லியின் சக்திதான். குடல் வாரக்கணக்கில் வேலை செய்யாதவர்கள் இதை வைத்துப் பிழைக்க முடியாது. அவர்களுக்காக வந்ததுதான் டி.பி.என். எனப்படும் முழுமையான ரத்தக்குழாய் ஊட்டம். 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவை மருத்துவர், பீகிள் நாய்க்குட்டிகளை இந்த முறையிலேயே வளர்த்துக் காட்டினார்.

இன்று பரவலாகப் புழங்கும் பைக்கு மூன்று அறைகள்: குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், பால்போல் வெளுத்த கொழுப்பு. பையை அழுத்தினால் நடுத்தடுப்புகள் விட்டு மூன்றும் கலக்கும். இந்தக் கலவையின் செறிவைக் கையிலுள்ள சிறு குழாய்கள் தாங்காது. இதயத்தை ஒட்டிய பெரிய சிரைக்குள் செலுத்துவார்கள். வைட்டமின்கள் பையில் இருக்காது. கலந்து வைத்தால் நாளடைவில் கெட்டுவிடும் என்பதால், ஏற்றுவதற்குச் சற்று முன்பு ஊசியால் சேர்க்க வேண்டும்.

அதை விட்டுவிட்டால் முதலில் தீர்ந்துபோவது தயமின், அதாவது வைட்டமின் பி1. உடலில் அதன் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம். இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். சர்க்கரை செல்லுக்குள் பைருவேட்டாக உடைந்து, பிறகு சக்தி தரும் அடுப்புக்குள் போகிறது. அந்தக் கதவைத் திறக்கத் தயமின் வேண்டும். இல்லையென்றால் பைருவேட் லாக்டிக் அமிலமாக மாறி ரத்தத்தில் தேங்கும். குளுக்கோஸ் ஏற ஏற அமிலமும் ஏறும். மூச்சு வாங்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். கிருமித் தொற்று என்றே முதலில் தோன்றும்.

1996இன் இறுதியில் அமெரிக்காவில் ஊசிவழி மல்டிவைட்டமினுக்குத் தட்டுப்பாடு வந்தது. அது கிடைக்காமல் டி.பி.என். பெற்ற சிலருக்கு இந்த அமிலத்தேக்கம் ஏற்பட்டதை 1997இல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அதற்குச் சுமார் நூறாண்டு முன் ஜாவாவில் மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் கண்ட கோழிகளும் இதே தயமின் குறையால்தான் கால் தள்ளாடின. அவை தின்றது தவிடு நீக்கிய அரிசி.

இந்த அமிலத்தேக்கத்துக்கு பைகார்பனேட் கொடுத்துப் பயனில்லை. 100 மில்லிகிராம் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே அமிலம் இறங்கத் தொடங்கும். நெடுநாள் பட்டினி கிடந்தவர்களுக்கும் மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் முதலில் தயமின், பிறகே குளுக்கோஸ் என்பது இதனால்தான். அவர்களுக்கு பாஸ்பேட், பொட்டாசியம் அளவையும் பார்த்து, ஊட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள்.