சடையில் ஒரு சேதி!

குழந்தைகளே, காலையில் தலை பின்ன உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம்? "ஆடாமல் நில்லுடி!" என்று அம்மா இரண்டு அதட்டல் போட்டால் பதினைந்து நிமிடம்! நைஜீரியாவிலோ, அமெரிக்காவிலோ இருக்கும் ஒரு கறுப்பினச் சிறுமியிடம் இதே கேள்வியைக் கேட்டால், "மதியம் உட்கார்ந்தேன், இருட்டிய பிறகுதான் எழுந்தேன்" என்று சொன்னாலும் சொல்வாள்.

அவ்வளவு நேரம் என்னதான் செய்கிறார்கள்? தலை முழுவதும் சின்னச் சின்னக் கட்டமாக வகிடு எடுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்து முடியையும் தனித்தனிச் சடையாகப் பின்னுவார்கள். நீளம் போதாவிட்டால் நம் ஊர் சவுரி போல வேறு முடியும் சேர்ப்பார்கள். இதற்குப் பெயர் 'பாக்ஸ் பிரெய்ட்ஸ்'. நுனியில் வண்ண மணிகளைக் கோத்துவிட்டால் முடிந்தது. அவள் ஓடி வருவதற்கு முன்பே மணிச் சத்தம் ஓடி வந்துவிடும்! இந்தச் சடையைத் தினமும் அவிழ்க்க வேண்டாம். பல வாரம் அப்படியே இருக்கும். இரவில் வழுவழுப்பான துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தூங்குவார்கள்.

இதெல்லாம் வெறும் அழகுக்கு என்று நினைக்காதீர்கள். அவர்களில் பலருக்கு முடி கம்பிச் சுருள் போல நெருக்கமாகச் சுருண்டிருக்கும். நம் தலைத் தோலில் இயற்கையாகவே எண்ணெய் சுரக்கிறது அல்லவா? நேரான முடியில் அது சுலபமாக வழிந்து நுனி வரை போய்விடும். சுருளில் ஏறி இறங்கிப் போக முடியாது. அதனால் முடி வறண்டு, சீப்பு பட்டாலே ஒடியும். பின்னி வைத்தால் ஒடியாமல் வளரும். இந்தச் சுருளுக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு. ஒரு பொம்மை மனிதனுக்கு விதவிதமான முடி வைத்து, விளக்கு வெப்பத்தில் சோதித்துப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். வெயிலில் தலை சூடேறாமல் அதிகம் காத்தது நெருக்கமான சுருட்டை முடிதான் என்று 2023-ல் அறிவித்தார்கள். தலையோடு பிறந்த குடை!

இன்னொரு பின்னல், தலையோடு ஒட்டியபடி வரிவரியாகப் போகும். மேலிருந்து பார்த்தால் உழுது விதைத்த வயல் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் அதை 'கார்ன்ரோஸ்' என்கிறார்கள், அதாவது மக்காச்சோள வரிசை. கரும்பு விளையும் கரீபியன் தீவுகளிலோ அதே பின்னலுக்குக் 'கேன்ரோ', கரும்பு வரிசை என்று பெயர்!

ஆப்பிரிக்காவில் சடையைப் பார்த்தே ஆளைப் பற்றிச் சொல்லிவிடும் ஊர்கள் உண்டு. நமீபியா நாட்டின் வடக்கே ஹிம்பா என்ற மக்கள் இருக்கிறார்கள். அங்கே சிறுமிகளுக்கு இரட்டைச் சடை. ஆனால் பின்னால் தொங்காது; நெற்றிக்கு முன்னால் வந்து விழும். பையன்களுக்குத் தலைக்குப் பின்னால் ஒற்றைச் சடை. பெண் பெரியவளானதும் பல சடை போட்டு, காவிக்கல் பொடியையும் வெண்ணெயையும் குழைத்துச் சிவப்பாகப் பூசிவிடுவார்கள். மணமான பெண் தலையில் தோலால் செய்த சிறு கிரீடம் ஏறும். யாரும் வாய் திறந்து எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நைஜீரியாவின் யொரூபா மக்களுக்குத் தலை என்றால் தனி மரியாதை. ஒருவரின் விதி தலையில் குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நாமும் 'தலையெழுத்து' என்கிறோமே! அதனால் கண்டவர்களிடம் தலையைக் கொடுக்க மாட்டார்கள். எல்லாச் சடையும் உச்சியில் போய்க் கூடும் அலங்காரத்துக்கு 'சுக்கு' என்று பெயர். (நம் இஞ்சி சுக்கு இல்லை!) அந்த நாட்டுப் புகைப்படக்காரர் ஒஜெய்க்கெரே, 1968 முதல் பல ஆண்டுகள் பெண்களின் தலை அலங்காரங்களைத் தேடித் தேடிப் படம் எடுத்தார். ஏறத்தாழ ஆயிரம் படங்கள்!

இந்த மக்களை அடிமைகளாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றிய காலத்தில் பலருடைய தலையை மழித்துவிட்டார்கள். யார், எந்த ஊர் என்று சொல்லும் அடையாளம் அதோடு போயிற்று. ஆனாலும் முடி முளைத்தது, பின்னலும் திரும்ப வந்தது. தென் அமெரிக்காவின் சுரிநாம் நாட்டில், அடிமைத்தனத்திலிருந்து காட்டுக்குத் தப்பியவர்களின் வழிவந்தோர் இன்றும் நெல் பயிரிடுகிறார்கள். 'எங்கள் பாட்டிமார் தலைமுடிக்குள் விதைநெல்லை ஒளித்துக் கொண்டுவந்தார்கள்' என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அந்தப் பாட்டிமாரின் பெயர்களைச் சில நெல் வகைகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

லூசியானா என்ற இடத்தில் 1786-ல் ஓர் ஆளுநர், கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பளபளக்கும் வண்ணத் துணியை விதவிதமாகக் கட்டி, இறகும் நகையும் குத்திக்கொண்டு வந்தார்கள். மறைக்கச் சொன்னதே புது அழகாகிவிட்டது!

பிறகு, முடியை நேராக்கினால்தான் மதிப்பு என்ற காலமும் வந்தது. 1960-களில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் அதை மறுத்து, முடியைப் பின்னாமல், நேராக்காமல், பந்து போல வளரவிட்டார்கள். அதுதான் 'ஆப்ரோ'. 'இது என் முடி, இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லாமல் சொன்னார்கள்.

அதே ஆப்ரோவுடன் 2016-ல் ஒரு சிறுமி நின்றாள். தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி சுலைகா படேல். வயது 13. முன்பு வெள்ளையர்களுக்கு மட்டுமே இருந்த பள்ளி அது. இயற்கையான சுருள் முடியோடு வந்தால் 'ஒழுங்காக இல்லை, சரிசெய்' என்று கண்டிக்கிறார்கள் என மாணவிகள் வருந்தினார்கள். ஆகஸ்ட் மாதம் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சுலைகா முன்னால் நின்றாள். மாகாணக் கல்வி அமைச்சர் நேரில் வந்து மாணவிகளின் பேச்சைக் கேட்டார். தலைமுடி விதி நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நானும் ஆசிரியையாக இருந்தவள்தானே! காலையில் வரிசையாக நிற்கவைத்து ரிப்பன் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் ஒருத்திக்கு நல்ல சுருட்டை முடி. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாது. "ஏன் தலை வாரவில்லை?" என்று அவளை நான் கேட்டது ஒரு நாளா, இரண்டு நாளா! வாரிக்கொண்டுதான் வந்திருப்பாள், பாவம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019-ல், சுருள் முடிக்காகவோ சடைக்காகவோ பள்ளியிலும் வேலையிலும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. அதன் பெயர் 'கிரவுன்' சட்டம். கிரவுன் என்றால் கிரீடம்! அதன் பிறகு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றிவிட்டன.

விடுமுறையில் நேரம் கிடைத்தால் 'ஹேர் லவ்' என்ற குட்டிக் கார்ட்டூன் படம் பாருங்கள். 2020-ல் ஆஸ்கர் விருது வாங்கிய படம். வசனம் குறைவுதான், ஆங்கிலம் தெரியாவிட்டாலும் புரியும். சூரி என்ற சிறுமிக்கு அன்று முக்கியமான நாள். வீட்டில் அம்மா இல்லை. அவள் தலையைப் பின்ன அப்பா சீப்பை எடுக்கிறார். முடிக்கும் அவருக்கும் குத்துச்சண்டையே நடக்கிறது! யார் ஜெயித்தார்கள், அம்மா எங்கே போயிருந்தார் என்பதை நான் சொல்ல மாட்டேன்.