விடைபெறுமுன் கண்ட துறை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர். யாமோ பொஸ்ரனில் பள்ளித் தோழர் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கிவிட்டோம். இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. "கடைகளுக்குப் போவமோ?" என்றார் நண்பர். குளொஸ்ரர் துறைமுகத்தைக் காணவேண்டும் என்றோம்.

பொஸ்ரனுக்கு வடகிழக்கே கடலோரத்தில் உள்ளது அத்துறை. எமது கரவெட்டிக்கு அயலூரான வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்டது 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல். அதனை றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகள் பல கடல்களைக் கடந்து, 1938இல் அதனை இங்கே கொணர்ந்து சேர்த்தனர்.

கதையைக் கேட்ட நண்பரின் மகள், "அது கட்டின கரை இப்பவும் இருக்கா, மாமா?" என்றாள். இருக்கின்றது என்றோம். நண்பர் வாய் திறவாது கடலையே நோக்கி நின்றார். 1996இல் ஊரை நீங்கியவர். பின்னர் ஒருமுறையேனும் திரும்பாதவர்.

மறுநாள் விமான நிலையத்தில் எமது கைகளைப் பற்றிக்கொண்டு, "அடுத்த ஆடிக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறம்" என்றார்.

கொண்டுவந்த பொருள்களை அயலவர்க்குப் பகிர்ந்து முடித்தோம். அவர் சொல்லை நம்பி, தெருவோர அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கின்றோம்.