வயற்காவல்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வரும். நகரின் எல்லையைக் கடந்தால் கண்ணில் படுபவை ஏரிகளும் அவற்றின் கீழ் விரியும் நெல்வயல்களுமே. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், இம்மாவட்டம் ஏரிகளை நம்பியே நெல் விளைவித்து வந்துள்ளது. சொர்ணவாரி, சம்பா, நவரை என இங்கு நெற்பருவம் மூன்று. நெல் இருக்கும் இடத்தில் களையும் பூச்சியும் நோயும் இருக்கும். அவற்றை அடியோடு அழித்தல் இயலாது. அழிக்க முனைவதே சில வேளைகளில் அவற்றைப் பெருக்கிவிடும். இதனை உணர்ந்த வேளாண் அறிவியல் ‘பூச்சி ஒழிப்பு’ என்னும் தொடரை விடுத்து, ‘பூச்சி மேலாண்மை’ என்னும் தொடரை இன்று ஆள்கிறது.

களை நீக்கிய பின், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காத்தல் நன்று என்பது உழவு அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்து. நெல்வயலிலோ நீரே முதற்காவலாகவும் விளங்குகிறது. நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே மூச்சுக்காற்று வேரைச் சென்றடைகிறது. பெரும்பாலான களைகளின் விதைகளுக்கு இவ்வசதி இல்லை. தேங்கிய நீரின் அடியில் அவை முளைப்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பெர்ரி என்னும் சிறுகனியைப் பயிரிடுவோரும் தோட்டத்தைச் சில வாரங்கள் நீரில் மூழ்கடித்துப் பூச்சிகளையும் களைகளையும் அடக்குகின்றனர். ஏரி நிரம்பாத ஆண்டில் இந்தக் காவல் தளர்கிறது. வயல் காய்ந்து வெடிக்கும்போது கோரையும் புல்லும் தலையெடுக்கின்றன.

களைகளுள் ஏமாற்றுவதில் வல்லது குதிரைவாலிப் புல். நாம் உண்ணும் குதிரைவாலித் தானியத்தின் உறவினம் இது. இளமையில் நெற்பயிரைப் போலவே தோன்றுவதால், நாற்றோடு நாற்றாக நடவுக்கும் வந்துவிடும். இலையும் உறையும் சேரும் இடத்தை விரித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். நெல்லில் அங்கே நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு, இப்புல்லில் இல்லை. களையெடுக்கும் பெண்கள் இதனைத் தாவரவியல் நூலில் படித்தவர்கள் அல்லர்; ஆயினும் கணநேரத்தில் களையைப் பிரித்தறிவர். அந்த அறிவுக்குரிய மதிப்பை நாம் இன்னும் அளிக்கவில்லை என்றே கூறவேண்டும். செம்மை நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவதால், உருளும் களைக்கருவியை நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்ட முடிகிறது. கருவி களைகளைச் சேற்றில் அமிழ்த்தி உரமாக்குகிறது. குனிந்தே செய்யும் உழைப்பும் குறைகிறது.

பூச்சிகளைப் பொறுத்தவரை, கண்டவுடன் மருந்து தெளிப்பது மேலாண்மை ஆகாது. தண்டுத் துளைப்பானை எடுத்துக்கொள்வோம். இதன் தாய்ப்பூச்சி இலை நுனியின் அருகே குவியலாக முட்டையிட்டு, அதனை உரோமத்தால் மூடும். ஆகவே நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் எளிய செயலே பல முட்டைக் குவியல்களை அகற்றிவிடும். எஞ்சிய முட்டைகளைத் தாக்க டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவியை வயலில் விடுவர். வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்குப் பத்துக் குருத்துகள் காய்ந்தால்தான் சேதம் எல்லை மீறியதாகக் கொள்வர். இதுவே பொருளாதாரச் சேதநிலை. அதற்குக் குறைவான இழப்பைப் பயிர் புதுத்தூர் விட்டுத் தானே ஈடுசெய்துகொள்ளும்.

இந்த எல்லையைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குப் புகையான் சான்றாகும். தூரின் அடியில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சி பெருகினால், வயல் வட்டவட்டமாகத் தீய்ந்தது போலாகும். பசுமைப் புரட்சிக்கு முன்னர் இது பெரும்பகையாக இருந்ததில்லை. நெருங்கத் தூர்விடும் குட்டை இரகங்களும், மிகுதியான தழைச்சத்து உரமும், அடிக்கடி தெளித்த பூச்சிக்கொல்லியும் இதனைப் பெரும்பகையாக்கின. 1973–74இல் கேரளத்தின் நெல்வயல்களை இது சூறையாடியது. பூச்சிக்கொல்லி முதலில் கொன்றது சிலந்திகளை. புகையானின் முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்தன. அவை பொரித்து வந்தபோது உண்பதற்கு எதிரி இல்லை. இந்தோனேசியா 1986இல் துணிந்து ஒரு முடிவெடுத்தது: நெல்லுக்குத் தெளித்து வந்த 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது, மருந்துக்கான மானியத்தையும் படிப்படியாக நீக்கியது. விளைச்சல் வீழவில்லை. நம் நாட்டில் எட்டடிக்கு ஓரடி வீதம் பட்டம் விட்டு நடுதல், தாக்குதல் தென்பட்டதும் நீரை வடித்தல், தழைச்சத்தைப் பிரித்து இடுதல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. களையைத் தடுக்கும் அதே நீர், தூரடியில் ஈரத்தைத் தேக்கிப் புகையானுக்கு உதவுவதைக் கவனியுங்கள். நீரை நிறுத்துவதா, வடிப்பதா என்பதற்கு வயலைப் பார்த்தே விடை காணவேண்டும்.

நோய்களுள் கொடியது குலை நோய். இலையில் கண் வடிவப் புள்ளிகளாகத் தொடங்கும் இப்பூஞ்சை கதிரின் கழுத்தைப் பற்றினால் மணி பிடிக்காது. குளிர்ந்த இரவும் பனியும் தூறலும் இதற்கு உகந்தவை. ஆதலால் வடகிழக்குப் பருவமழைக்கால சம்பாவில் கவனம் மிகுதியும் வேண்டும். 1919இல் தஞ்சைப் படுகையில் இது பெரும் அழிவை விளைவித்தது. அதன் பின்னர், கோவை நெல் ஆராய்ச்சியாளர்கள் நோய் தாங்கும் கோ 4 இரகத்தை ஆடுதுறை 10 உடன் கலந்து கோ 25 என்னும் இரகத்தை உருவாக்கினர். எல்லா நோயும் அஞ்சப்பட்டதில்லை. மணிகளை மஞ்சள் உருண்டைகளாக்கும் நெற்பழ நோயை, நல்ல விளைச்சலின் அறிகுறி எனக் கருதி ‘இலட்சுமி நோய்’ என்றே அழைத்தனர். செழித்த பயிரில் அது தோன்றுவதே அந்நம்பிக்கைக்குக் காரணமாகலாம்.

இனி, தனி உழவரின் கைக்குள் அடங்காத ஒன்று உண்டு. ஓர் ஏரியின் கீழுள்ள வயல்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடப்பட்டு, ஒரே காலத்தில் அறுவடையானால், இடைப்பட்ட நாள்களில் பூச்சிக்கு உணவு இராது. மதகு திறக்கும் நாளே நடவு நாளையும் வகுத்த காலத்தில் இது இயல்பாக நடந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. நீரை ஊர் கூடி மேற்பார்த்ததன் சான்று அது. இன்று ஆழ்துளைக் கிணறு உடையவர் முன்னதாக நடுகிறார். இல்லாதவர் ஏரி நிரம்பும்வரை காத்திருந்து பின்னர் நடுகிறார். முன்வயல் முற்றும்போது பூச்சி பின்வயலின் இளம்பயிருக்கு இடம்பெயர்கிறது. பின்னே நட்டவர், பெரும்பாலும் சிறு உழவர், கடன் வாங்கி இரண்டு முறை கூடுதலாக மருந்து தெளிக்கிறார். வரப்புக்கு வரப்பு தனித்தனியே தெளித்து இதனைத் தீர்க்க இயலாது. நடவு நாளை ஏரிப் பாசனத்தார் அனைவரும் கூடிக் குறிப்பதே இதற்குரிய வழி. அதற்கு மருந்துச்செலவும் இல்லை.