ஒரே காம்பராவில் வளரும் பிள்ளைகள் ஒரே விதமாகக் கற்பதில்லை

மலைநாட்டுத் தோட்டமொன்றின் லயன் காம்பராவில், மாலையில் அருகருகே அமர்ந்து படிக்கும் அண்ணனையும் தங்கையையும் கவனிக்கும் தாய்க்கு ஒரு விடயம் விரைவில் புலப்படும். மூத்தவன் புத்தகத்தை எடுத்ததும் வாசிக்கத் தொடங்குகிறான். இளையவளோ கேட்ட கதையைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள். அதனையே எழுத்தில் காட்டினால் தடுமாறுகிறாள். ஹட்டன், நுவரெலியா நகரங்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதனைக் காணலாம். குர்ஆன் மத்ரஸாவில் ஓதலைக் கேட்டு மனனம் செய்யும் பிள்ளை, பாடசாலைப் புத்தகத்தின் முன் திணறுவதுண்டு. ஒரே வீடு, ஒரே உணவு, ஒரே பாடசாலை. அவ்வாறிருக்க இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது?

உடன்பிறந்தோர் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றனர் என்பதை ரொபர்ட் புளொமின், டெனிஸ் டேனியல்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1987இல் ஆராய்ந்தனர். பிறப்பிலேயே உள்ள வேறுபாடுகள் ஒருபுறமிருக்க, ஒரே வீட்டின் சூழலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறாகவே அமைகிறது என்பது அவர்கள் வலியுறுத்திய உண்மையாகும். தோட்டப்புறத்தில் இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. மூத்த பிள்ளை பாட்டியின் மடியில் கதை கேட்டு வளர்ந்திருக்கும். தாய் கொழுந்து பறிக்கச் சென்றுவிட, இளைய பிள்ளை பிள்ளைக் காம்பராவில் வளர்ந்திருக்கும். போசாக்கும் கவனத்திற்குரியது. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார அளவீட்டின்படி, பெருந்தோட்டத் துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாட்டின் சராசரியோ ஏறத்தாழ 17 சதவீதமே.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் எனப் பிள்ளைகளை வகுத்து, வகைக்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் அவ்வாறு கற்பித்தால் பெறுபேறு உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லையென, உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் 2008இல் எடுத்துக்காட்டினர். எனவே, "இவள் கேட்டுத்தான் படிப்பாள்" என்று எழுத்தை ஒதுக்கிவிடுவது தவறாகும். கேட்டல் அவளது பலம் என்றால், எழுத்து ஏன் கடினமாகிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

காரணங்கள் பலவாகலாம். பார்வைக் குறை, காதில் அடிக்கடி ஏற்படும் தொற்று, இரத்தச்சோகை என்பன வெளியே தெரியாமலேயே கற்றலைப் பாதிக்கும். அறிவில் குறையற்ற சிறுவனுக்கும் வாசிப்பு மட்டும் கைகூடாதிருக்கலாம் என்பதை ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் 1896இலேயே பதிவுசெய்துள்ளார். தமிழ் எழுத்திலும் தனியான சிக்கல்கள் உண்டு. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. ல, ள, ழ ஆகியவற்றைப் பேச்சில் பிரித்தறியாத பிள்ளை, எழுத்திலும் அவற்றை மயங்குவது இயல்பே.

தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் படிப்படியாக அரசின் பொறுப்பிற்கு வந்தன. கட்டாயக் கல்விக்குரிய வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும், எட்டு வயதிலேயே "அண்ணனைப் பார், நீ மக்கு" என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய பிள்ளை, சட்டத்தின் காரணமாக வகுப்பில் இருந்தாலும் மனதளவில் அன்றே வெளியேறிவிடுகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைக் கொண்டு உடன்பிறந்தோரை ஒப்பிடுவதும் அத்தகையதே. பின்னாளில் அப்பிள்ளை கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ செல்லும்போது, படிப்பு ஏறவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

ஆகவே, தாம் கண்ட வேறுபாட்டைப் பெற்றோர் தீர்ப்பாகக் கொள்ளாது தகவலாகக் கொள்ள வேண்டும். எந்த எழுத்தில், எந்த வேளையில் பிள்ளை தடுமாறுகிறது என்பதை வகுப்பாசிரியரிடம் கூறலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது கண், காது பற்றிக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதனைச் செய்ய முடியும். பிள்ளையை அன்றாடம் அருகிருந்து பார்ப்பவர் அவரே. ஒரே செடியில்கூட எல்லாத் தளிரும் ஒரே நாளில் பறிக்கும் பதத்திற்கு வருவதில்லை என்பதை அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.